இருக்கட்டும் சார் ஒயர்

பெங்களூரில் பழைய வீட்டைப் புதுப்பிக்க இறங்கியவர்கள் எல்லோருக்கும் இந்தக் காட்சி பழக்கம். சுவிட்ச் போர்டைக் கழற்றியதும் சுவருக்குள்ளிருந்து சிவப்பு, கறுப்பு, நிறமே மறந்துபோன சாம்பல் என்று ஏழெட்டு ஒயர் சரிந்து விழும். அதில் பாதி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது, வந்தவருக்கும் தெரியாது.

"இது எதுக்குப்பா?"

"ஏதோ பழைய லைன் சார். இருக்கட்டும். கட் பண்ணி டேப் சுத்தி உள்ள தள்ளிடறேன்."

டேப் சுற்றப்படும், ஒயர் உள்ளே போகும், மேலே புத்தம் புது மாடுலர் பிளேட் உட்காரும். பத்து வருஷம் கழித்து இன்னொருவர் வந்து அதே பெட்டியைத் திறந்து அதே பதிலைச் சொல்வார்.

எலக்ட்ரீஷியனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒயரிங் வேலைக்குக் கூலி பேசுவது பாயிண்ட் கணக்கில். லைட்டுக்கு ஒரு பாயிண்ட், ஃபேனுக்கு ஒரு பாயிண்ட், பிளக்குக்கு ஒரு பாயிண்ட். உருவி எடுக்கிற ஒயருக்குப் பாயிண்ட் எதுவும் இல்லை. போடுவதற்கு ஆள் உண்டு, காசு உண்டு. எடுப்பதற்கு இரண்டும் கிடையாது. பெங்களூர் வீடுகளிலும் தெருக்கம்பங்களிலும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒயர் சேர்ந்துகொண்டே போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

சுவருக்குள் நூறு வருஷம்

சிவனசமுத்திரத்தில் காவிரி விழும் இடத்தில் மைசூர் சமஸ்தானம் கட்டிய நீர்மின் நிலையம் 1902-இல் ஓடத் தொடங்கியது. அதன் முதல் வாடிக்கையாளர் பெங்களூர் இல்லை, கோலார் தங்கவயல். ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து, ஆயிரக்கணக்கான தமிழர்கள் வேலை பார்த்த அந்தச் சுரங்கங்களுக்குத்தான் மின்சாரம் முதலில் போனது. திட்டத்துக்குப் பின்னால் நின்ற திவான் சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்காமல் 1901-இல் காலமாகிவிட்டார். 1905 ஆகஸ்ட் 5 அன்று, இன்றைய கே.ஆர். மார்க்கெட் பகுதியில் மின்சாரத் தெருவிளக்கு எரிந்தது. வீடுகளுக்குள் ஒயர் நுழைந்தது அதற்கப்புறம்.

பசவனகுடி, மல்லேஸ்வரம், அல்சூர், பிரேசர் டவுன் பக்கம் இன்னும் இடிபடாமல் நிற்கிற பழைய வீடுகளில் அந்த நாட்களின் தடயம் கிடைக்கும். ஆரம்ப காலத்தில் கேசிங் கேப்பிங். இரண்டு காடி வெட்டிய மரச்சட்டத்துக்குள் ஒயரை ஓட்டி மேலே மூடி அடிப்பார்கள். உள்ளே ஓடியது பருத்தி நூல் பின்னிய ரப்பர் ஒயர். பிறகு வந்தது பேட்டன் ஒயரிங். மெல்லிய தேக்குச் சட்டத்தைச் சுவரில் ஆணி அடித்து நிறுத்தி, அதன்மேல் ஒயரைப் படுக்க வைத்து, சின்னத் தகர கிளிப்பால் வரிசையாக மடித்துப் பிடித்திருப்பார்கள். சட்டத்தின் முடிவில் மர ரவுண்ட் பிளாக், அதன் மேல் கறுப்பு பேக்கலைட் சுவிட்ச். வரிசை கோணாமல் கிளிப் அடிக்கத் தெரிந்தவருக்குத் தெருவில் தனி மரியாதை இருந்தது.

அறுபது, எழுபதுகளில் செம்பை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி இல்லாத நாடு அலுமினியத்தின் பக்கம் சாய்ந்தது. அந்தக் காலத்து வீடுகளில் பி.வி.சி. உறைக்குள் வெள்ளிப் பளபளப்பாகத் தெரிவது அதுதான். அலுமினியத்தை ஸ்குரூவுக்கு அடியில் இறுக்கி வைத்தால் நாளடைவில் நசுங்கி லூஸாகும். மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். செம்போடு முறுக்கி இணைத்தால் ஈரம் பட்ட இடத்தில் அரித்துப்போகும். லூஸான இணைப்பு சூடாகும், சூடான இணைப்பு கருகும். பழைய அலுமினிய லைனின் நடுவில் புதுச் செம்பு ஒயரை ஒட்டுப் போட்ட வீடுகளில் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால் பழுப்பேறிய முடிச்சு ஒன்றாவது கண்ணில் படும்.

கர்நாடகத்துக்கே உரிய இன்னொரு அடுக்கு ஏ.இ.ஹெச். 'ஆல் எலக்ட்ரிக் ஹோம்' என்பதன் சுருக்கம். மின் கட்டணப் பட்டியலில் இடம்பெற்ற சொல். கீஸர், கிரைண்டர், மின் அடுப்புக்கென்று தடித்த ஒயரில் தனியாக ஒரு பவர் லைன் ஓடும். தண்ணீர் ஐஸாக இறங்கும் ஊரில் கீஸர் லைன் எல்லா வீட்டுக்கும் உயிர்நாடி. 2000-களின் பிற்பாதியில் புது வீடுகளுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டரைக் கட்டாயமாக்கினார்கள். பழைய வீட்டுக்காரர்களும் மாடியில் அதையே ஏற்றிக்கொண்டார்கள். கீஸர் இறங்கியது. அதன் 15 ஆம்பியர் லைன் மட்டும் பரண் ஓரமாகத் தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறது.

மீதிக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. கேட்டிலிருந்து ஹாலுக்கு வந்த லேண்ட்லைன் ஒயர். தொண்ணூறுகளில் ஜன்னல் மூலையைத் துளைத்துக்கொண்டு நுழைந்த கேபிள் டிவி ஒயர். 2013 மார்ச் 31-ஐக் கெடுவாக வைத்து அனலாக் சிக்னலை நிறுத்தியபோது மொட்டை மாடிக்கு டிஷ் வந்தது. அதற்கொரு ஒயர். பிறகு பிராட்பேண்ட், பிறகு ஃபைபர், பிறகு கேமரா. ஒவ்வொருவரும் புதுத் துளை போட்டார்கள். பழையதை யாரும் உருவவில்லை.

ஓடவில்லை, சாகவும் இல்லை

"அதுல கரண்ட் இல்ல சார்" என்ற வாக்கியம்தான் இதில் ஆபத்தானது. பயன்படாத ஒயரில் 230 வோல்ட் நிற்க நாலைந்து வழி இருக்கிறது.

பழைய மெயின் போர்டில் பீங்கான் கிட்-கேட் ஃபியூஸ் இரண்டு வரிசையாக இருக்கும், ஃபேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று. நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ வைக்கக்கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே சொல்லிவிட்டன. ஆனாலும் அந்தப் போர்டுகள் பல வீடுகளில் தொங்குகின்றன. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் பல்பு எரியாது, ஃபேன் சுற்றாது. பார்ப்பவர் லைன் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவார். ஃபேஸ் ஒயர் முழு உயிரோடு ஹோல்டர் வரைக்கும் வந்து நிற்கும். சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்தது இன்வர்ட்டர். மின்வெட்டுக் காலத்தில் வீட்டுக்கு வீடு இன்வர்ட்டர் வைத்தார்கள். அதற்கென்று ஹாலுக்கும் படுக்கையறைக்கும் தனி லைன் பிரித்தார்கள். மெயினை இறக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரோடு சுவரைத் தொடுகிறவருக்கு, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் இன்வர்ட்டர் அந்தக் கணத்தில்தான் விழித்துக்கொள்கிறது என்பது ஞாபகத்தில் இருக்காது. அதற்கு மெயின் இறங்கியதும் கரண்ட் போனதும் ஒன்றுதான். லைனுக்குத் தானே சப்ளை கொடுக்க ஆரம்பித்துவிடும்.

மூன்றாவது இரண்டாம் மீட்டர். பெங்களூரில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ஆர்.ஆர். நம்பர் உண்டு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோதோ, மாடியை வாடகைக்கு விட்டபோதோ வாங்கிய தனி இணைப்பு, குடித்தனம் காலியான பிறகும் கம்பத்திலிருந்து சப்ளையோடு நிற்கும். கீழே மெயினை அணைத்தவருக்கு மாடியின் லைன் அதே பைப்பில் ஓடுவது தெரியாது. 2023-இல் மாநில அரசின் கிருஹ ஜோதி திட்டம் வந்து 200 யூனிட் வரை இலவசம் என்றானபோது, ஒருவருக்கு ஒரே இணைப்புக்குத்தான் சலுகை என்ற நிபந்தனையும் கூடவே வந்தது. மறந்துபோன இரண்டாவது மீட்டரை நினைவுபடுத்திக்கொள்ள அது ஒரு நல்ல சாக்கு.

இத்தனைக்கும் நடுவில் வெட்டிவிட்ட நுனியில் சுற்றிய டேப் எத்தனை நாள் தாங்கும்? பி.வி.சி. டேப்பின் பசை சூட்டில் இளகி, பிறகு உலர்ந்து, ஓரம் பிரிந்து சுருளும். சுவருக்குள் எலிக்கும் பல்லிக்கும் பஞ்சமில்லை. பழைய ரப்பர் ஒயராக இருந்தால் டேப்பே வேண்டாம். விரலால் லேசாக வளைத்தாலே உறை பிஸ்கட் தூளாக உதிர்ந்து கம்பி வெளியே தெரியும்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுதோறும் 12,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். இதில் வீடும் வயலும் தெருவும் சேர்த்திதான். வீட்டுக்குள் இருப்பவரைக் காப்பாற்றுவதற்கென்றே இருக்கும் கருவி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமாக இல்லையென்றால், விட்டுப்போன மிச்சம் ஏதோ ஒரு உடம்பு வழியாகத் தரைக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டு அது லைனை வெட்டிவிடும். கரண்ட் அளவு மீறினால் விழும் எம்.சி.பி. அந்த வேலையைச் செய்யாது. அது காப்பது ஒயரை, ஆளை இல்லை. கிட்-கேட் ஃபியூஸோடு நிற்கும் வீட்டில் இரண்டுமே இருக்காது.

டக்ட்டில் அடைந்த கேபிள், கம்பத்தில் தொங்கும் கேபிள்

கரண்ட் துளியும் இல்லாத ஒயராலும் ஆபத்து உண்டு. 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் தீப்பிடித்தது. மாடிக்கு மாடி ஒயர் ஏறும் டக்ட்டில் ஆரம்பித்த தீ அது. நெருப்பைவிட வேகமாக மேலே போனது புகை. ஒன்பது பேர் இறந்தார்கள். மூச்சு முட்டி, கண்ணாடியை உடைத்துக் கீழே குதித்தவர்களும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு 'பியாண்ட் கார்ல்டன்' என்ற குடிமக்கள் அமைப்பு உருவாகித் தீப் பாதுகாப்பைப் பற்றிப் பேசி வருகிறது.

பி.வி.சி. உறை எரியும்போது வரும் கறும்புகையில் ஹைட்ரஜன் குளோரைடு கலந்திருக்கும். கண்ணைத் திறக்க விடாது, தொண்டையை அடைக்கும். எரிகிற ஒயரில் கரண்ட் ஓடுகிறதா, பத்து வருஷம் முன்பே வெட்டப்பட்டதா என்று புகை பார்ப்பதில்லை. இதை நினைத்துத்தான் அமெரிக்காவின் தேசிய மின்சார விதித்தொகுப்பு 2002 பதிப்பில் ஒரு ஷரத்தைச் சேர்த்தது. கைவிட்ட டெலிபோன், டேட்டா கேபிள்களில் கை எட்டும் பகுதியை அகற்றியாக வேண்டும். அலுவலகக் கட்டடங்களில் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் டன் கணக்கில் சேர்ந்துவிட்ட பழைய கேபிளை விறகாகப் பார்த்த விதி அது.

பெங்களூரில் அந்தச் சீலிங்குக்கு மேல் இருப்பதெல்லாம் தெருவிலேயே தெரியும். ஒரே மின்கம்பத்தில் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் லைன், அதற்குக் கீழே பத்துப் பன்னிரண்டு கம்பெனிகளின் ஃபைபர், பழைய டிவி கேபிள், சுருட்டிக் கட்டிவிட்டுப் போன உபரி வளையங்கள். 2023 நவம்பர் 19 அதிகாலையில் ஒயிட்ஃபீல்டு அருகே காடுகோடியில், அறுந்து நடைபாதையில் கிடந்த மின்கம்பியை மிதித்து 23 வயதுத் தாயும் அவர் கையிலிருந்த ஒன்பது மாதக் குழந்தையும் இறந்தார்கள். அது சப்ளையில் இருந்த மின்கம்பி, கைவிட்ட கேபிள் இல்லை. ஆனால் நடைபாதையில் ஏதாவது கேபிள் கிடப்பது அன்றாடக் காட்சியாகிவிட்ட நகரத்தில், எது டிவி ஒயர், எது எமன் என்று இருட்டில் நடப்பவர் எப்படிப் பிரித்தறிவார்? அதற்குப் பின் கம்பங்களில் கட்டிய கேபிள்களை அகற்றும் வேலையைப் பெஸ்காம் தீவிரமாக்கியது. 2024-இல் நிறுவனங்களுக்குக் கெடு வைத்து வெட்டவும் செய்தது. வெட்டிய இடத்தில் சில நாளில் புதுக் கேபிள் ஏறுவதையும் ஊர் பார்த்தது.

லேண்ட்லைன் ஒயரில் இருப்பது 48 வோல்ட் டி.சி., மணி அடிக்கும்போது கூடும். அதனால் ஆபத்து குறைவு. ஆனால் தெருவில் அதன் மறுமுனை அறுந்து மின்கம்பியின் மேல் சாய்ந்திருந்தால், ஹாலில் சும்மா தொங்கும் முனை அந்தக் கம்பியின் வோல்ட்டேஜைத்தான் பேசும்.

உருவுவதற்கும் ஒரு முறை உண்டு

வீட்டுக்காரர் தானே கட்டிங் பிளையரோடு ஏணி ஏறுகிற வேலை இல்லை இது. கர்நாடக மின் ஆய்வுத் துறை கொடுக்கும் பெர்மிட் வைத்திருக்கும் ஒயர்மேன் வேண்டும். அவர் சரியாகச் செய்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் மெயின் இறங்க வேண்டும், பிறகு இன்வர்ட்டரை அணைத்து அதன் பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும். இரண்டாம் மீட்டர் இருந்தால் அதன் மெயினும் இறங்க வேண்டும். அடுத்தது சோதனை. பையிலிருந்து எடுக்கிற நியான் டெஸ்டரை மட்டும் நம்பக்கூடாது. பக்கத்தில் ஓடும் லைனிலிருந்து கசியும் பேய் வோல்ட்டேஜுக்கும் அது மினுக்கும். செருப்புப் போட்டுக்கொண்டு மர ஸ்டூலில் நின்றால் நிஜ ஃபேஸுக்கும் மங்கலாகவே எரியும். அனுபவசாலிகள் ஒரு ஹோல்டரில் பல்பு மாட்டி, இரண்டு நீள ஒயர் விட்ட டெஸ்ட் லேம்ப் வைத்திருப்பார்கள். பல்பு கரண்ட் இழுப்பதால் பேய் வோல்ட்டேஜ் அதன் முன் நிற்காது. இறக்கிய மெயினுக்கு முன்னால் சப்ளை இருக்கும் ஒரு பாயிண்டில் முதலில் அதை எரியவிட்டுப் பார்ப்பார், பிறகு சந்தேக ஒயரில் வைப்பார், திரும்பவும் எரிந்த பாயிண்டிலேயே வைத்துப் பல்பு நல்லபடியாக இருக்கிறதா என்று உறுதிசெய்வார்.

அப்புறம்தான் முக்கியமான இடம். பழைய ஒயரைக் கழற்ற வேண்டியது வால் பக்கம் இல்லை, தலைப் பக்கம். சுவிட்ச் போர்டில் வெட்டி டேப் சுற்றினால் ஒயரின் உயிர் போகாது. மெயின் போர்டில், எந்த ஃபியூஸிலிருந்து அது புறப்படுகிறதோ அந்த ஸ்குரூவிலிருந்து ஃபேஸையும் நியூட்ரலையும் கழற்றி எடுக்க வேண்டும். எந்த ஃபியூஸ் என்று தெரியாவிட்டால் மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் வைத்து, ஒரு முனையில் ஆள் நின்று, மறுமுனையில் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். பீப் வரும் வரை பொறுமை வேண்டும்.

கழற்றியதை உருவலாம். பைப் ஒயரிங்காக இருந்தால் பழைய ஒயரின் முனையில் ஒரு ஜி.ஐ. கம்பியைக் கட்டி இழுத்தால், ஒயர் வெளியே வரும்போது கம்பி உள்ளே போய்விடும். நாளைக்கு ஃபைபரோ வேறு லைனோ போட அதே பைப் உதவும், புதுத் துளை வேண்டாம். சிமென்ட் இறங்கி பைப் அடைத்திருந்தால் வலுவாக இழுக்கக்கூடாது. கூடவே ஓடும் நல்ல ஒயரின் உறையும் உரிந்துவிடும். அந்த இடத்தில் இரண்டு முனையிலும் கனெக்டர் மாட்டி, 'உபயோகத்தில் இல்லை' என்று சீட்டு எழுதிக் கட்டிவிடுவது நல்லது. தேக்குப் பேட்டனைச் சுவரிலிருந்து பெயர்க்கும்போது பின்னால் கரையான் கோடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடலாம்.

மீட்டருக்கு முன்னால் இருக்கும் சர்வீஸ் ஒயரையும் கம்பத்தையும் வீட்டு எலக்ட்ரீஷியன் தொடக்கூடாது. அது பெஸ்காம் வேலை. வேண்டாத ஆர்.ஆர். நம்பரைச் சப்-டிவிஷன் ஆபீஸில் மனு கொடுத்து, பாக்கியைக் கட்டி, ஒப்படைத்துவிடலாம். கம்பத்திலிருந்து எதுவும் தாழ்ந்து தொங்கினால் பெஸ்காமின் 1912 எண்ணுக்கு ஒரு போன்.

குஜரிக்குப் போகும் முன்

புது ஒயர் பி.வி.கே. ஐயங்கார் ரோட்டு மொத்தக் கடைகளில் சுருள் சுருளாக வருகிறது. பழையது, பழைய சாமான் வாங்கும் குஜரிக்காரர் தள்ளுவண்டியில் ஏறி, பல கை மாறி, ஜாலி மொஹல்லா மாதிரியான பழைய சாமான் சந்தைகளுக்குப் போய்ச் சேர்கிறது. செம்பு என்றால் நல்ல விலை. அலுமினியம் என்றால் குஜரிக்காரர் முகம் கொஞ்சம் சுருங்கும். உறையோடு எடை போட்டால் ஒரு விலை, உரித்துக் கொடுத்தால் வேறு விலை.

உரிக்க நேரமில்லாதவர்கள் கொளுத்துகிறார்கள். உறை எரிந்து கம்பி மிஞ்சும். பி.வி.சி.யில் இருக்கும் குளோரினும் சூடான செம்பும் சேர்ந்தால் டையாக்ஸின் உருவாகத் தோதான நிலைமை. பிளேடால் கீறி உரித்தால் இந்தத் தொல்லை இல்லை. கொஞ்சமாக இருந்தால் எலக்ட்ரீஷியனே சாயங்காலம் உட்கார்ந்து உரித்துவிடுவார். அதிகமாக இருந்தால் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். இந்த ஊருக்கு அது புதிதில்லை. 2005-இல் டாபஸ்பேட்டையில் தொடங்கிய இ-பரிசரா, நாட்டின் ஆரம்பகால முறையான மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிலையங்களில் ஒன்று.

அடுத்த முறை ஒயரிங் வேலைக்குக் கொட்டேஷன் வாங்கும்போது, லைட், ஃபேன், பிளக் பாயிண்டுகளுக்குக் கீழே இன்னொரு வரியைச் சேர்க்கச் சொல்லலாம். 'பயன்படாத பழைய ஒயர்களை மெயின் போர்டு வரை கண்டுபிடித்து, கழற்றி, உருவி, எடுத்துச் செல்லுதல்.' பாயிண்ட் கணக்கு இதற்கு ஒத்துவராது. எத்தனை மீட்டர் வரும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பதால் நாள் கூலிதான் சரி. இரண்டு ஆள், ஒரு நாள் என்று ஆரம்பித்தால் சாதாரண இரண்டு படுக்கையறை வீட்டில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். எஞ்சிய லைன்கள் எது எந்த ஃபியூஸுக்குப் போகிறது என்று ஒரு தாளில் எழுதி மெயின் போர்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டிக் கொடுப்பதும் அந்த வரியிலேயே அடங்க வேண்டும். உருவிய செம்பு யாருக்கு என்பதையும் அப்போதே எழுதிக்கொள்வது நல்லது, வேலை முடிந்த அன்று வாசலில் பேரம் பேச வேண்டியிருக்காது.